டெக்சாஸ் பள்ளித் தேர்வுச் சட்டங்கள்: பெயர் மாறிய தேர்வும் மாறாத பின்விளைவும்

2025 செப்டம்பரில் டெக்சாஸ் ஆளுநர் கிரெக் அபாட் கீழவை மசோதா 8-இல் கையெழுத்திட்டார். 2012 முதல் அம்மாநில அரசுப் பள்ளிகளில் நடந்து வரும் 'ஸ்டார்' தேர்வு இந்தச் சட்டத்தின்படி 2027–28 கல்வியாண்டில் விலக்கப்படும். ஆண்டு இறுதியில் நடக்கும் ஒரே நீண்ட தேர்வுக்குப் பதிலாக, ஆண்டுத் தொடக்கத்திலும் நடுவிலும் இறுதியிலும் மூன்று குறுந்தேர்வுகள் நடக்கும். அவற்றின் முடிவுகள் இரண்டு நாட்களில் ஆசிரியர் கைக்கு வந்துவிட வேண்டும். ஸ்டார் தேர்வு ஒழிந்தது என்று பல பெற்றோர் நிம்மதி அடைந்தார்கள். ஆனால் ஒவ்வொரு பள்ளிக்கும் 'ஏ' முதல் 'எஃப்' வரை தரம் வழங்கும் முறையும், ஒரு பள்ளி தொடர்ந்து ஐந்து ஆண்டுகள் தேறாத தரம் பெற்றுத் தவறினால் அதை மூடவோ பள்ளி மாவட்டத்தின் (ஒரு வட்டாரத்தின் அரசுப் பள்ளிகளைத் தேர்ந்தெடுக்கப்பட்ட வாரியத்தின் மூலம் நடத்தும் அமைப்பின்) நிர்வாகத்தையே அரசு எடுத்துக்கொள்ளவோ இடம் தரும் விதியும் இன்னமும் நடைமுறையில் உள்ளன. மாணவர் எழுதும் தாள் மாறியிருக்கிறது. அந்தத் தாளை வைத்துப் பள்ளியை என்ன செய்யலாம் என்பது பெரிதாக மாறவில்லை.

இந்த வேறுபாடு புரிந்தால்தான் அமெரிக்க மாநிலங்களில் பல பத்தாண்டுகளாக நடந்து வரும் தேர்வுச் சீர்திருத்தத்தைப் பின்தொடர முடியும். சட்டங்கள் ஒரே மூச்சில் பேசினாலும், இங்கே இரண்டு தனித்தனி அமைப்புகள் இருக்கின்றன. முதலாவது மதிப்பீடு: மாணவர் எதைக் கற்றிருக்கிறார் என்று அளக்கும் தேர்வு, அதன் வினாக்கள், திருத்தும் முறை, தேர்ச்சி வரம்பு. இரண்டாவது பொறுப்புடைமை: அந்த மதிப்பெண்களைக் கூட்டிக் கழித்துப் பள்ளிக்கும் மாவட்டத்துக்கும் ஒரு தரத்தைத் தந்து, அந்தத் தரத்தோடு பரிசையோ தண்டனையோ இணைக்கும் விதிகள். மக்களின் கோபம் பெரும்பாலும் முதலாவதன்மேல் விழுகிறது, ஏனென்றால் குழந்தை வீட்டுக்கு வந்து சொல்வது அதைப் பற்றித்தான். பள்ளியின் அன்றாடத்தை வளைப்பதோ பெரும்பாலும் இரண்டாவதுதான்.

அமெரிக்க அரசமைப்புச் சட்டத்தில் கல்வி என்ற சொல்லே கிடையாது. ஆகவே பத்தாவது திருத்தத்தின்படி அது மாநிலங்களின் பொறுப்பாகிறது. பள்ளிகளின் மொத்தச் செலவில் கூட்டாட்சி அரசின் பங்கு ஏறத்தாழப் பத்தில் ஒன்றுதான். ஆனால் ஏழைக் குழந்தைகள் அதிகம் படிக்கும் பள்ளிகளுக்கு 1965-ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் கிடைக்கும் அந்த நிதியை எந்த மாநிலமும் எளிதில் இழக்க விரும்பாது. அந்த நிதியோடு கட்டப்பட்ட நிபந்தனைகள்தான் மாநிலச் சட்டமன்றங்களுக்கு எல்லை வகுக்கின்றன. 2002 ஜனவரியில் அதிபர் ஜார்ஜ் டபிள்யூ. புஷ் கையெழுத்திட்ட சட்டம், மூன்றாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை ஆண்டுதோறும் வாசிப்பிலும் கணிதத்திலும் தேர்வு நடத்த வேண்டும் என்றும், 2014-க்குள் எல்லா மாணவரும் தேர்ச்சி அடைந்தாக வேண்டும் என்றும் விதித்தது. நூறு விழுக்காடு என்ற அந்த இலக்கை எந்த மாநிலமும் எட்டவில்லை, எட்டியிருக்கவும் முடியாது. 2015 டிசம்பரில் ஒபாமா கையெழுத்திட்ட மாற்றுச் சட்டம் அந்த இலக்கைக் கைவிட்டது. பள்ளிகளை எப்படித் தரம் பிரிப்பது, தவறும் பள்ளிகளை என்ன செய்வது என்பவற்றைப் பெருமளவு மாநிலங்களிடமே திருப்பிக் கொடுத்தது. ஆனால் ஆண்டுத் தேர்வுகளை மட்டும் விடவில்லை.

எனவே மாநிலத் தேர்வையே அடியோடு எடுத்துவிடுவோம் என்று ஒரு சட்டமன்ற உறுப்பினர் மேடையில் சொன்னால், அவரால் அதை நிறைவேற்ற முடியாது. கணக்கு எளிது. மூன்று முதல் எட்டு வரை ஆறு வகுப்புகளுக்கும் வாசிப்பு, கணிதம் என 12 தேர்வுகள். உயர்நிலைப் பள்ளியில் இவ்விரண்டிலும் ஒவ்வொன்று. அறிவியலில் தொடக்க, நடுநிலை, உயர்நிலை என மூன்று. ஆக 17 தேர்வுகள் கூட்டாட்சிச் சட்டத்தின் கட்டாயம். ஸ்டார் தேர்வுகளின் எண்ணிக்கையோ 20. கூடுதலாக இருந்த மூன்று, எட்டாம் வகுப்புச் சமூக அறிவியலும், உயர்நிலைப் பள்ளியின் அமெரிக்க வரலாறும், இரண்டாவது ஆங்கிலத் தேர்வும்தான். இவ்வளவு அரசியல் சண்டைக்குப் பிறகும் மாநிலத்தால் தன் விருப்பப்படி எடுக்கக்கூடியவை மூன்று தேர்வுகள் மட்டுமே. தண்டனை விதிகளில் மாநிலத்துக்கு இருக்கும் சுதந்திரம் இதைவிட மிக அதிகம். அதைப் பற்றிய விவாதமோ மிகக் குறைவு.

டெக்சாஸில் மாநிலத் தேர்வு 1980-இல் தொடங்கியது. 1986-இலும் 1990-இலும் 2003-இலும் 2012-இலும் புதுப் பெயரில் புதுத் தேர்வுகள் வந்தன; ஒவ்வொன்றும் முந்தையதைவிடக் கடினமானது, நேர்மையானது என்று சொல்லித்தான் கொண்டுவரப்பட்டது. 1993-இல் இயற்றப்பட்ட சட்டம் தேர்வு முடிவுகளைப் பள்ளித் தரத்தோடு முதன்முதலாக முறைப்படி இணைத்தது. அந்த அமைப்பை வைத்துத்தான், பின்னாளில் டெக்சாஸ் ஆளுநரான ஜார்ஜ் டபிள்யூ. புஷ் தன்னைக் கல்விச் சீர்திருத்த ஆளுநராக நாட்டுக்கு அறிமுகப்படுத்திக்கொண்டார். 2002-ஆம் ஆண்டின் கூட்டாட்சிச் சட்டத்துக்கு டெக்சாஸ் முன்மாதிரி என்று கூறப்படுவது அதனால்தான்.

2012-இல் ஸ்டார் வந்த வேளை மோசமானது. அதற்கு முந்தைய ஆண்டுதான் சட்டமன்றம் பள்ளி நிதியில் ஏறத்தாழ 540 கோடி டாலரைக் குறைத்திருந்தது. ஆசிரியர்கள் வேலை இழந்துகொண்டிருந்தபோது, தேர்வு நடத்த பியர்சன் நிறுவனத்துக்குத் தரப்பட்ட ஐந்தாண்டு ஒப்பந்தத்தின் மதிப்பு சுமார் 46.8 கோடி டாலர் என்பது வெளிவந்தது. உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் 15 பாட இறுதித் தேர்வுகள் எழுத வேண்டும். ஒவ்வொன்றின் மதிப்பெண்ணும் அந்தப் பாடத்தின் இறுதி மதிப்பில் 15 விழுக்காடாகச் சேர வேண்டும் என்றது சட்டம். அந்த ஆண்டுத் தொடக்கத்தில், மாநிலக் கல்வி ஆணையராக இருந்த ராபர்ட் ஸ்காட், தேர்வு முறை தன் மூல நோக்கத்திலிருந்து திரிந்துபோய்விட்டது என்று பள்ளி நிர்வாகிகளின் மாநாட்டில் வெளிப்படையாகவே சொன்னார். தேர்வை நடத்தும் துறையின் தலைவரே அப்படிச் சொன்னது மாநிலமெங்கும் எதிரொலித்தது. நூற்றுக்கணக்கான பள்ளி வாரியங்கள் அளவுக்கு மீறிய தேர்வுக்கு எதிராகத் தீர்மானம் நிறைவேற்றின. பெற்றோர், குறிப்பாகத் தாய்மார்கள், அமைப்பாகத் திரண்டு மாநிலத் தலைநகர் ஆஸ்டினில் சட்டமன்ற உறுப்பினர்களின் அறைகளுக்கு நேரில் சென்றனர்.

அதன் விளைவு 2013-இன் கீழவை மசோதா 5. கீழவையின் பொதுக் கல்விக் குழுத் தலைவர் ஜிம்மி டான் ஏகாக் கொண்டுவந்த அச்சட்டம், 15 தேர்வுகளை 5 ஆகக் குறைத்தது. 15 விழுக்காடு விதியையும் நீக்கியது. இரண்டு ஆண்டுகளில் வந்த மேலவை மசோதா 149, ஐந்தில் இரண்டு தேர்வுகள் வரை தவறிய மாணவரின் மற்றப் படிப்பையும் உழைப்பையும் பார்த்து உயர்நிலைப் பள்ளிப் படிப்பை முடித்ததற்கான பட்டம் வழங்கப் பள்ளி அளவிலான குழுவுக்கு அதிகாரம் தந்தது. ஒற்றைத் தேர்வால் ஒரு பதினெட்டு வயதுப் பிள்ளையின் எதிர்காலம் அடைபட்டுப் போகாமல் தடுத்த இந்தச் சிறிய சட்டத்தை, டெக்சாஸ் இயற்றிய தேர்வுச் சட்டங்களில் மிக மனிதத்தன்மை கொண்டதாக நான் கருதுகிறேன். மாணவரின் மேல் இருந்த சுமையை அது தேர்வை மாற்றாமலேயே குறைத்தது.

அதே 2015-இல்தான் பள்ளிகளின் மேல் சுமை கூடியது. ஃபுளோரிடாவில் ஆளுநர் ஜெப் புஷ் 1999-இல் தொடங்கிவைத்த 'ஏ' முதல் 'எஃப்' வரையிலான தரமுறையை டெக்சாஸும் அந்த ஆண்டு சட்டமாக்கியது. 2017-இல் அதைத் திருத்தி, மாணவர் சாதனை, பள்ளி முன்னேற்றம், இடைவெளி குறைத்தல் என மூன்று பகுதிகளாக அமைத்தது. சாதனையிலும் முன்னேற்றத்திலும் எது உயர்ந்ததோ அது 70 விழுக்காடாகவும், பல்வேறு மாணவர் பிரிவுகளுக்கிடையிலான இடைவெளி 30 விழுக்காடாகவும் கணக்கிடப்படுகின்றன.

சாதனை மதிப்பெண் எப்படிப் பிறக்கிறது என்பதை அருகிலிருந்து பார்த்தால் பள்ளிகளின் நடத்தை விளங்கும். ஸ்டாரில் மூன்று வரம்புகள் உண்டு: தகுதியை நெருங்குபவர், தகுதி அடைந்தவர், தேர்ந்தவர். ஒரு தொடக்கப் பள்ளியில் எழுதப்பட்ட நூறு தாள்களில் 80 முதல் வரம்பையும், 50 இரண்டாவது வரம்பையும், 20 மூன்றாவது வரம்பையும் தாண்டியிருந்தால், இம்மூன்றின் சராசரியான 50 அந்தப் பள்ளியின் அடிப்படை மதிப்பெண். இரண்டாவது வரம்புக்கு ஒரு வினா கீழே நிற்கும் குழந்தையை மேலே தள்ளினால் சராசரி உயரும். எழுத்துக் கூட்டிப் படிக்கவே திணறிய குழந்தை ஓராண்டில் பத்திகளைத் தடையின்றி வாசிக்கக் கற்றுக்கொண்டும் முதல் வரம்பைத் தொடவில்லை என்றால், சாதனைக் கணக்கில் அந்த உழைப்புக்கு இடமே இல்லை. முன்னேற்றப் பகுதி இதை ஓரளவு ஈடுகட்டவே சேர்க்கப்பட்டது. ஆயினும் ஜனவரி மாதத்தில் மாணவர் பட்டியலை எடுத்து, வரம்புக் கோட்டுக்குச் சற்றுக் கீழே இருப்பவர்களை மட்டும் வண்ணக் குறியிட்டுப் பிரித்துச் சிறப்பு வகுப்புக்கு அனுப்பும் வழக்கம் அங்குள்ள ஆசிரியர்களுக்குப் பழகிப்போன ஒன்று. அவர்கள் கெட்டவர்கள் அல்லர். சட்டம் எதை எண்ணுகிறதோ அதற்கு அவர்கள் பதில் சொல்கிறார்கள். ஓர் அளவுகோலின்மேல் முடிவுகளை எவ்வளவுக்கு ஏற்றுகிறோமோ, அவ்வளவுக்கு அது திரிந்துபோகும் என்று சமூக அறிவியலாளர் டொனால்ட் கேம்ப்பெல் 1970-களிலேயே எழுதிவிட்டார். அட்லாண்டாவில் இது குற்றமாகவே முற்றியது. 2009-ஆம் ஆண்டுத் தேர்வுகளில் 44 பள்ளிகளில் முறைகேடு நடந்ததாக மாநில விசாரணை 2011-இல் கண்டறிந்தது. 2015-இல் முன்னாள் கல்விப் பணியாளர்கள் 11 பேர் தண்டிக்கப்பட்டனர்.

டெக்சாஸில் பின்விளைவு எவ்வளவு தூரம் போகலாம் என்பதை ஹூஸ்டன் காட்டியது. ஒரே ஒரு பள்ளி தொடர்ந்து ஐந்து ஆண்டுகள் தவறினால், கல்வி ஆணையர் அந்தப் பள்ளியை மூட வேண்டும், அல்லது முழு மாவட்டத்தின் தேர்ந்தெடுக்கப்பட்ட வாரியத்தை நீக்கித் தாம் நியமிக்கும் குழுவை அமர்த்த வேண்டும் என்று 2015-இன் கீழவை மசோதா 1842 விதித்தது. இந்த விதிக்காக முன்னின்றவர்களில் ஒருவரான சட்டமன்ற உறுப்பினர் ஹரால்ட் டட்டன், ஹூஸ்டனின் வீட்லி உயர்நிலைப் பள்ளியில் படித்தவர். அது அவருடைய தொகுதிப் பள்ளி. அமெரிக்க நாடாளுமன்றத்தின் புகழ்பெற்ற கறுப்பின உறுப்பினர் பார்பரா ஜோர்டன் படித்ததும் அங்கேதான். தம் பள்ளியைப் பல ஆண்டுகளாக யாரும் சரிசெய்யவில்லை என்ற வேதனை அவருடைய நிலைப்பாட்டுக்குப் பின்னால் இருந்தது. அதை எளிதாகத் தள்ளிவிட முடியாது. 2019-இல் வீட்லி மீண்டும் தவறியது. வாரிய உறுப்பினர்கள் மீதான முறைகேட்டுப் புகார்களையும் சேர்த்துக் காட்டி, மாவட்டத்தை எடுத்துக்கொள்வதாக மாநிலம் அறிவித்தது. அதை எதிர்த்து வாரியம் தொடுத்த வழக்கு மூன்று ஆண்டுகளுக்கு மேல் இழுத்தது. 2023 ஜனவரியில் மாநில உச்ச நீதிமன்றம் அதற்கு இருந்த தடையை நீக்கியது. அவ்வாண்டு ஜூனில் ஏறத்தாழ 1,90,000 மாணவர்கள் கொண்ட மாவட்டம் ஆணையர் மைக் மோராத் நியமித்த குழுவின் கீழ் வந்தது. ஆனால் 2022-ஆம் ஆண்டுத் தரவரிசையிலேயே வீட்லி 'சி' பெற்றிருந்தது. பள்ளி மேம்பட்ட பிறகு, அது முன்பு தவறியதற்காக, ஒன்பது பேர் கொண்ட தேர்ந்தெடுக்கப்பட்ட வாரியத்தை ஒரு பெருநகரின் வாக்காளர்கள் இழந்தார்கள்.

அடுத்தது வரம்பு மதிப்பெண்ணை யார், எப்போது நிர்ணயிப்பது என்ற கேள்வி. இது சலிப்பூட்டும் நிர்வாகச் செய்தி போலத் தோன்றும். உண்மையில் மொத்த அமைப்பின் சாவி இங்கேதான் இருக்கிறது. பட்டம் பெறுவோரில் எத்தனை பேர் கல்லூரிக்கோ வேலைக்கோ இராணுவத்துக்கோ தயாராக இருக்கிறார்கள் என்ற அளவுகோலில் 60 விழுக்காடு இருந்தாலே உயர்நிலைப் பள்ளிக்கு 'ஏ' கிடைத்து வந்தது. 2023-இல் ஆணையர் அதை 88 ஆக உயர்த்தினார். பெரும்பாலான பள்ளிகள் எளிதில் 'ஏ' பெறுவதால் அளவுகோலே பொருளிழந்துவிட்டது என்பது ஆணையரின் கீழ் இயங்கும் மாநிலக் கல்வி முகமையின் வாதம். அதில் நியாயம் உண்டு. ஆனால் இந்த அளவுகோல் முந்தைய ஆண்டு பட்டம் பெற்றவர்களை வைத்துக் கணக்கிடப்படுவது. பள்ளியை விட்டு வெளியேறிவிட்ட மாணவர்களுக்குப் பின்னாளில் அறிவித்த வரம்பைப் பொருத்தினால், ஆசிரியர் இப்போது என்ன செய்து அதை எட்ட முடியும்? நூற்றுக்கும் மேற்பட்ட மாவட்டங்கள் வழக்குத் தொடுத்தன. 2023-இன் தரநிலைகளும், வேறொரு வழக்கால் 2024-இன் தரநிலைகளும் தடைபட்டன. பெருந்தொற்றால் 2020, 2021 ஆண்டுகளில் தரமே இல்லை. 2022-இல் 'டி', 'எஃப்' வழங்கப்படவில்லை. மேல்முறையீட்டு நீதிமன்றம் 2025-இல் அனுமதித்த பிறகே தேங்கிக் கிடந்தவை வெளிவந்தன. முழுமையான தரவரிசை ஒன்றைப் பெற்றோர் பார்த்தது அதற்கு முன் 2019-இல்தான்.

இந்தப் பின்னணியோடு மசோதா 8-ஐப் படிக்க வேண்டும். 2025 வழக்கமான கூட்டத்தொடரில் இதே பொருளில் வந்த மசோதா, கீழவையும் மேலவையும் ஒத்துப்போகாததால் ஜூனில் செத்துப்போனது. தேர்வு நீளமா குறுகலா என்பதில் அவர்களுக்குள் பெரிய சண்டை இல்லை. தரக் கணக்கை மாற்றும் அதிகாரம் சட்டமன்றத்திடம் இருக்க வேண்டுமா ஆணையரிடம் இருக்க வேண்டுமா, மாவட்டங்கள் அதை நீதிமன்றத்தில் எதிர்க்கலாமா என்பவற்றில்தான் பேச்சு முறிந்தது. சிறப்புக் கூட்டத்தொடரில் நிறைவேறிய வடிவத்தில், ஆணையரின் கை தளரவில்லை. மாவட்டங்கள் வழக்குத் தொடுக்கும் வழியும் குறுக்கப்பட்டது.

மூன்று தேர்வு முறைக்கு முன்னுதாரணம் ஃபுளோரிடா. 2022-இல் அங்கே இயற்றப்பட்ட சட்டம் அவ்வாண்டே மூன்று கட்டத் தேர்வைக் கொண்டுவந்தது; பள்ளித் தரத்துக்கு இறுதித் தேர்வு மட்டுமே எண்ணப்படுகிறது. விரைவான முடிவு ஆசிரியருக்குப் பயன்படும் என்பதில் ஐயமில்லை. மே மாதத்தில் எழுதிய தாளின் விவரம் மாணவர் அடுத்த வகுப்புக்குப் போகும் கோடையில் வந்தால் யாருக்கு என்ன பயன்? ஆனால் ஒரே அமைப்பை இரண்டு நோக்கங்களுக்கு நடத்துவதில் ஓர் இடர் இருக்கிறது. குழந்தை எங்கே திணறுகிறது என்று அறிய நடத்தும் தேர்வில் அது திணறுவதே நமக்குத் தேவையான செய்தி. பள்ளிக்குத் தண்டனை தரக்கூடிய தேர்வில் அதே திணறலை மறைப்பதில்தான் பள்ளிக்கு ஆதாயம். தொடக்க, நடுத் தேர்வுகளும் இறுதித் தேர்வுக்கான ஒத்திகைகளாகச் சுருங்கிவிட்டால், ஒரு நீண்ட தேர்வு இருந்த இடத்தில் மூன்று தேர்வுக் காலங்கள் வந்துவிடும். மாவட்டங்கள் தாமாக நடத்தும் மாதிரித் தேர்வுகளைக் கட்டுப்படுத்தும் பிரிவைச் சட்டத்தில் சேர்த்ததிலிருந்து, உறுப்பினர்களும் இதை உணர்ந்திருந்தது தெரிகிறது.

வேறு மாநிலங்கள் வேறு முனையிலிருந்து தொடங்கியுள்ளன. மாசசூசெட்ஸில் 1993-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே வந்த மாநிலத் தேர்வில் தேறினால்தான் பட்டம் என்ற நிபந்தனை 2003 முதல் இருந்தது. 2024 நவம்பரில் வாக்காளர்கள் நேரடி வாக்கெடுப்பில் ஏறத்தாழ 59 விழுக்காடு ஆதரவோடு அந்த நிபந்தனையை நீக்கினார்கள். தேர்வு அப்படியே நடக்கிறது, முடிவுகள் வெளியாகின்றன. பட்டத்தோடு இருந்த முடிச்சு மட்டும் அவிழ்ந்தது. கலிஃபோர்னியா பள்ளிக்கு ஒற்றை எண் தருவதை விட்டுவிட்டு, வருகைப்பதிவு, இடைநீக்கம், பட்டம் பெறுவோர் விகிதம் என ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வண்ணம் காட்டும் பலகைக்கு மாறியது. வர்ஜீனியா 2015-இலும் மிச்சிகன் 2023-இலும் எழுத்துத் தரத்தைச் சட்டத்திலிருந்தே எடுத்துவிட்டன.

பொறுப்புடைமையே வேண்டாம் என்று இதிலிருந்து முடிவுகட்டுவது தவறு. 2002-க்கு முன் பல மாநிலங்களில் பள்ளியின் சராசரி நன்றாக இருந்தால் போதும். அதற்குள் கறுப்பின மாணவர்களும், வீட்டில் ஸ்பானிஷ் பேசும் மாணவர்களும், மாற்றுத்திறனாளிகளும் எவ்வளவு பின்தங்கியிருந்தார்கள் என்று யாரும் கேட்கவில்லை. பிரிவுவாரியாக முடிவுகளை வெளியிடும் கட்டாயம்தான் அந்த மௌனத்தை உடைத்தது. அதனால்தான் பல குடிமை உரிமை அமைப்புகள் 2015-இல் ஆண்டுத் தேர்வு நீடிக்க வேண்டும் என்று வலியுறுத்தின. அவர்கள் காக்க விரும்பிய அளவீட்டை வைத்துக்கொண்டே, அதன்மேல் ஏற்றியிருக்கும் பாரத்தைக் குறைக்க முடியும். கல்வியாண்டு தொடங்கும் முன்பே வரம்புகளை அறிவித்து, நடுவில் மாற்றாமல் இருக்கலாம். ஒரு பள்ளியின் தோல்விக்கு முழு மாவட்டத்தின் வாக்குரிமையை விலையாக்காமல் இருக்கலாம். பள்ளி மேம்பட்டுவிட்டால் பழைய ஆண்டுகளின் கணக்கைத் தள்ளுபடி செய்யலாம். இவற்றுள் எதற்கும் கூட்டாட்சிச் சட்டம் குறுக்கே நிற்கவில்லை. தலைநகரில் எழுதப்படும் நான்கைந்து வரிகள் போதும்.

2027-க்குள் டெக்சாஸ் கல்வி முகமை புதிய தேர்வுகளுக்கான விதிகளை எழுத வேண்டும்: மூன்று தேர்வுகளில் எது தரக் கணக்கில் எவ்வளவு சேரும், ஆண்டுத் தொடக்க மதிப்பெண்ணிலிருந்து வளர்ச்சியை எப்படி அளப்பது, பழைய ஸ்டாரில் வாங்கிய 'எஃப்'-கள் புதிய தேர்வின் ஐந்தாண்டுக் கணக்கில் தொடருமா என்பவை அவற்றில் அடங்கும். இந்த மூன்றாவது கேள்விக்கான பதில்தான் ஏற்கெனவே இரண்டு, மூன்று முறை தவறிய பள்ளிகளின் நிலையை முடிவு செய்யும். பெற்றோரும் வாரியங்களும் 2013-இல் தேர்வுகளின் எண்ணிக்கைக்காகச் செலவிட்ட உழைப்பை, இம்முறை விதிகள் கருத்துக்காக வெளியிடப்படும் நாட்களில் செலவிட வேண்டியிருக்கும்.